அஞ்சலட்டையில் பெண்ணுடல்: காலனியக் கால ஒளிப்படம், பொருள்மோகம், படக்குறிப்பு - நாகை, தஞ்சை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பெண்களின் உருவங்கள் படஅஞ்சலட்டைகளாக அச்சிடப்பெற்றுச் சென்னை, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் விற்கப்பட்டன. இவற்றுள் ஒரு பகுதி காம நுகர்வுக்குரியதாகவும் இருந்தது. ஆயினும் அவை மறைவில் விற்கப்படாமல், இனவியல், பயண நினைவுப்பொருள் என்னும் பெயர்களில் வெளிப்படையாகப் புழங்கின. அதே காலத்தில் தஞ்சை அரசவையைச் சார்ந்த ஒரு பெண்பாற்புலவரின் சிருங்கார காவியம் ஆபாசம் எனத் தடைசெய்யப்பட்டது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒருசேர வைத்து நோக்கி, காமப்படத்தைப் பொதுவெளியில் புழங்கச் செய்தது அதன் கீழிருந்த படக்குறிப்பே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படஅஞ்சலட்டை, பொருள்மோகம், தேவதாசி, படக்குறிப்பு, நாகப்பட்டினம், ஆபாசச் சட்டம்.

முன்னுரை

ஐரோப்பியக் காம ஒளிப்பட வரலாற்றில் 1900 முதல் 1930கள் வரையிலான காலம் தனியிடம் பெறுவது. பாரிஸ் நகரத்து ஒளிப்படக்கூடங்கள் காலணி, காலுறை, இடைக்கச்சு, தோற்பொருள் ஆகியவற்றை மையப்படுத்திய படங்களை எடுத்து, நம்பகமான வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விற்றன. பீடெரெர் சகோதரர்களின் படங்கள் இவ்வகைக்குச் சான்றாகச் சுட்டப்படுகின்றன. இப்படங்கள் தம்மைக் காமப்படங்கள் என்றே அறிந்திருந்தன. ஆகவே மறைவில் புழங்கின.

தமிழகத்தில் இத்தகைய ஒளிப்பட மரபைத் தேடுவோர் பாரிஸின் மறைவு வணிகத்தை இங்கும் எதிர்பார்த்தல் பிழையாகும். இங்குக் காமப்பார்வைக்கு உள்ளான படங்கள் புத்தகக்கடைகளிலும் கப்பல் பயணிகள் வந்துபோகும் நினைவுப்பொருள் கடைகளிலும் கிடைத்தன. அவற்றின் கீழே சாதி, இனம், தொழில் ஆகியவற்றுள் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் பெயரின் பணி யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

பொருள்மோகம்: சொல்லும் கருத்தும்

ஆங்கிலத்தில் 'ஃபெட்டிஷ்' என வழங்கும் சொல், போர்த்துக்கேய மொழியின் 'ஃபெய்த்திசு' என்னும் சொல்லினின்று பிறந்தது. செய்யப்பட்டது, மந்திரப்பொருள் என்பன அதன் பொருள்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அம்மக்கள் போற்றிய பொருள்களைப் போர்த்துக்கேய மாலுமிகள் இச்சொல்லால் குறித்தனர். அதே மாலுமிகளின் வணிகம் பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலும் வேரூன்றியிருந்தது. 1760இல் சார்ல் தெ புரோஸ் இச்சொல்லைச் சமய ஒப்பாய்வின் கலைச்சொல்லாக்கினார். 1867இல் மார்க்ஸ் அதனைப் பண்டத்தின் மாயத்தை விளக்கக் கையாண்டார். 1887இல் அல்ஃபிரெட் பினே, காதலில் ஒரு பொருளோ உடலின் ஓர் உறுப்போ முழு ஆளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நிலையைச் சுட்ட இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஃபிராய்டு 1927இல் இப்பொருள் குறித்துத் தனிக்கட்டுரை எழுதினார்.

இக்கட்டுரையில் 'பொருள்மோகம்' என்னும் சொல் பினே வழங்கிய பொருளை அடிப்படையாகக் கொண்டே ஆளப்படுகிறது. முழுமையை உறுப்பு விழுங்குதல் அதன் இலக்கணம். மூக்குத்தி, தண்டை, மெட்டி, மேலாடையின்மை ஆகியன ஒரு பெண்ணுக்குப் பதிலாக நிற்கும்போது அப்படம் பொருள்மோகப் படமாகிறது. அவ்வாறு நிற்பதற்கு ஒளிப்படக்காரரின் உள்நோக்கம் மட்டும் காரணமன்று. படத்தை வாங்குவோர், விற்போர், பெயரிடுவோர் ஆகியோர்க்கும் அதில் பங்குண்டு.

ஒளிப்படத்துக்கு முந்தைய பார்வை

இப்பார்வை ஒளிப்படத்தோடு தோன்றியதன்று. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டுக்கு ஓராண்டு முன்னர், கடலூரை அடுத்த திருவந்திபுரத்தைச் சேர்ந்த தேவதாசியர் ஐவர் இசைக்கலைஞர்களோடு பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தெயோஃபில் கோத்தியே என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அவர்களைப் பற்றி நாளிதழில் எழுதினார். ஜான் ஒகுஸ்த் பார் என்னும் சிற்பி, அவர்களுள் அமனி என்பாரைச் சிறு வெண்கலச் சிலையாக வடித்தார். அணி, ஆடை, நிறம், உறுப்பு எனப் பகுத்து நோக்கும் முறை அப்போதே ஐரோப்பியர்க்குப் பழகிவிட்டது.

ஆயினும் 1838இல் அப்பெண்களின் பெயர்கள் செய்தித்தாளில் இடம்பெற்றன. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து வந்த அஞ்சலட்டையில் பெயர் மறைந்து, 'நாட்ச் பெண்' என்னும் வகைப்பெயர் மட்டும் எஞ்சியது.

அளவீட்டிலிருந்து அஞ்சலட்டைக்கு

பெயரை நீக்கி வகையை நிறுவும் வேலையை இனவியல் ஒளிப்படம் முதலில் செய்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கிலப் படத்தொகுப்பு, மனிதர்களைச் சாதி, இனக்குழு மாதிரிகளாக வரிசைப்படுத்தியது. 1869இல் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி, பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் மக்களை ஆடையின்றி, அளவுகோலுடன் நிறுத்தி, முன்புறமும் பக்கவாட்டிலும் படமெடுக்கும் திட்டமொன்றை வகுத்துத் தந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், உடல் அளவீட்டில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். அவர் கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் ஒளிப்படங்கள் சான்றுகளாக அமைந்தன.

இவற்றின் நோக்கம் காமமன்று எனலாம். எனினும் ஆடையற்ற, பெயரற்ற உடலை அறிவின் பெயரால் நோக்கலாம் என்னும் இசைவை இவை உருவாக்கின. 1890களின் இறுதியில் படஅஞ்சலட்டை பரவியபோது வணிகம் இந்த இசைவை அப்படியே எடுத்துக்கொண்டது. சென்னையில் வீலே & கிளைன் போன்ற ஒளிப்பட நிறுவனங்களும் ஹிக்கின்பாதம்ஸ் போன்ற புத்தகக்கடைகளும், கொழும்பில் 1890இல் தொடங்கப்பெற்ற பிளாட்டே நிறுவனமும், சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனமும் இத்தொழிலில் முன்னின்றன. அட்டைகள் பல ஜெர்மனியில் அச்சிடப்பட்டு, வண்ணம் ஏற்றப்பட்டுத் திரும்பி வந்தன. வண்ணமேற்றியவர் அப்பெண்ணைக் கண்டவரல்லர். ஆகவே சேலையின் நிறமும் மேனியின் நிறமும் அச்சகத்தின் தேர்வுகளே.

இலங்கையின் ரொடியர் குலப் பெண்களின் படங்கள் இவ்வணிகத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றன. கண்டி அரசுக் காலச் சாதி வழக்கம் அக்குலப் பெண்கள் இடைக்கு மேல் ஆடை அணிவதைத் தடுத்திருந்தது. இழிவின் அடையாளமாகச் சுமத்தப்பட்ட அவ்வழக்கத்தை அஞ்சலட்டை அழகின் அடையாளமாக மாற்றி விற்றது. தமிழ்ச் சூழலிலும் மேலாடையின்மைக்கு ஒரே பொருள் இருந்ததில்லை. திருவிதாங்கூரில் அது சாதி ஒடுக்குமுறையாக இருந்தமையால் தோள்சீலைப் போராட்டம் எழுந்தது. 1859இல் அரசு ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. வேறு பல இடங்களில் ரவிக்கை அணியாமல் சேலையின் மேல்முந்தானையால் உடலை மறைத்தல் வயது முதிர்ந்த பெண்களின் இயல்பான உடைமுறையாக இருந்தது. சாதித்தடை, ஏழ்மை, வழக்கம் ஆகிய மூன்றையும் ஒளிப்படம் 'அரை நிர்வாணம்' என்னும் ஒன்றாகச் சுருக்கிவிட்டது.

நாகைத் துறைமுகமும் பெயர்மாற்றமும்

நாகப்பட்டினம் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் முதன்மைத் துறைமுகம். 1658 முதல் டச்சுக்காரரிடமும் 1781 முதல் ஆங்கிலேயரிடமும் இருந்த இத்துறை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலாயாவுக்குத் தொழிலாளர் கப்பலேறும் வாயிலாக விளங்கியது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின்னரும் கங்காணி முறை தொடர்ந்தது. நாகையிலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்ட பின்னரே தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்யும்வரை இப்போக்கு நீடித்தது.

கப்பலேறுகையில் ஒருத்திக்கு ஊரும் சாதியும் தந்தை பெயரும் இருந்தன. குடிபெயர்வுப் பதிவேடுகள் அவற்றைக் கேட்டு எழுதின. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஒளிப்படக்கூடத்தின் திரைக்கு முன் அமர்ந்தபோது அவள் 'கிளிங் பெண்' ஆனாள். கலிங்கம் என்னும் பெயரின் திரிபாகக் கருதப்படும் 'கிளிங்' என்னும் சொல், நீரிணைக் குடியேற்றங்களில் தென்னிந்தியரைக் குறித்தது. தமிழர் அதனை இழிசொல்லாகவே உணர்ந்தனர். இலங்கைக்குச் சென்றவள் 'தமிழ்க் கூலிப்பெண்' எனவும் 'கொழுந்து பறிப்பவள்' எனவும் அச்சேறினாள். தஞ்சைக் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவரை அவள் படத்துக்குரிய பொருளாகவில்லை. கடல் கடந்து, உறவும் ஊரும் அகன்று, கூலி பெற்றுத் திரைக்கு முன் அமரவைக்கக்கூடிய நிலையை அடைந்த பின்னரே அவ்வாறு ஆனாள். ஆகவே காமப்பார்வையின் வரலாறு உழைப்புக் குடிபெயர்வின் வரலாற்றோடு பிணைந்தது என்பதை உணர முடிகிறது.

அணிகலன்: உரிமையும் மோகமும்

காவிரிப் படுகையின் கோயில்களோடு தொடர்புடைய தேவதாசியர் மரபில் அணிகலன் வெறும் அழகுப்பொருளன்று. தலைசாமான், ராக்கொடி, நெற்றிச்சுட்டி, வங்கி, ஒட்டியாணம் ஆகியன நடன மேடையின் மரபையும் புரவலரின் சிறப்புச் செய்தலையும் குறித்தன. பொட்டுக்கட்டப்பெற்ற பெண்ணுக்குச் சொத்துரிமையும் மகள்வழி மரபுரிமையும் இருந்தமையால், நகை அவளுடைய உடைமையாகவும் இருந்தது. அவ்வுடைமைக்குப் பின்னால் சுரண்டலும் இருந்தது என்பதை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினம் உள்ளிருந்தே எடுத்துரைத்தது.

உரிமை, சுரண்டல் ஆகிய இரண்டையும் அஞ்சலட்டை கண்டுகொள்ளவில்லை. அதற்கு வேண்டியிருந்தது நகையின் மின்னல் மட்டுமே. இதன் உச்சத்தை 1905இல் பாரிஸில் காணலாம். நெதர்லாந்தில் பிறந்த மார்கரேத்தா சேல்லெ, மாத்தா ஹரி என்னும் பெயருடன் கிமே அருங்காட்சியகத்தில் 'இந்துக் கோயில் நடனம்' ஆடினார். தம்மைத் தென்னிந்தியக் கோயில் நடனப்பெண்ணின் மகள் எனவும் கூறிக்கொண்டார். மணிகள் பதித்த மார்க்கச்சும் தோள்வளையும் தலையணியும் அணிந்த அவருடைய ஒளிப்படங்கள் ஐரோப்பா முழுவதும் பரவின. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ரூத் செயின்ட் டெனிஸ் 'ராதா' என்னும் நடனத்தை அரங்கேற்றினார்.

1838இல் திருவந்திபுரத்துப் பெண்களே பாரிஸுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1905இல் அவர்கள் தேவைப்படவில்லை. அணிகலனின் சாயல் போதுமானதாயிற்று. பொருள் ஆளை முற்றாக நீக்கிவிட்ட இந்நிலையே பொருள்மோகத்தின் முழுவடிவம் எனலாம். அதே ஆண்டுகளில் தமிழகத்தில் நாட்ச் எதிர்ப்பு இயக்கம் வலுப்பெற்று, அசல் நடனப்பெண்கள் மேடையையும் கோயிலையும் இழந்துகொண்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆபாசம் எது?

இப்படங்களைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவில் ஆபாச நூல்களையும் படங்களையும் விற்பதைக் குற்றமாக்கியது. 1878ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டம் அவற்றின் இறக்குமதியையும், 1898ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் அவற்றை அஞ்சலில் அனுப்புவதையும் தடைசெய்தன. 1923ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1925இல் இந்தியச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. 292ஆம் பிரிவு கோயிலிலும் தேரிலும் உள்ள சிற்ப ஓவியங்களுக்கு விலக்கு அளித்தது. படுகையின் தேர்ச்சிற்பங்கள் இவ்விலக்கினுள் அடங்கும். இனவியலுக்கென்று அதில் விலக்கு ஏதும் இல்லை. அறிவியல், இலக்கியம், கலை ஆகியவற்றுக்கான விலக்கு 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது.

சட்டம் தராத விலக்கை நடைமுறையில் படக்குறிப்பு தந்தது. 'தமிழ்ப் பெண்', 'நடனப்பெண்', 'ரொடியப் பெண்' என்னும் சொற்கள் ஓர் உடலை ஒரு குடியின் மாதிரியாக மாற்றின. மாதிரியை நோக்குவது அறிவுத்தேட்டம். அதனை நண்பருக்கு அனுப்புவது பயணச்செய்தி. அதே உடல் ஒரு வெள்ளையரின் பெயரோடு அச்சேறியிருப்பின் வழக்கு வேறாகியிருக்கும்.

இதனைத் தெளிவாக்கும் எதிர்ச்சான்று ஒன்று தஞ்சையோடு தொடர்புடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையிலிருந்த முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனமு' என்னும் தெலுங்குச் சிருங்கார காவியத்தை இயற்றினார். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே வெளிப்படையாகப் பேசுவது அதன் தனித்தன்மை. பெங்களூர் நாகரத்தினம்மாள் அதன் முழுப் பாடத்தைத் தேடிப் பதிப்பித்து 1910இல் வெளிக்கொணர்ந்தார். அடுத்த ஆண்டு அரசு அதனை ஆபாசம் எனக் கொண்டு நடவடிக்கை எடுத்தது, படிகள் கைப்பற்றப்பட்டன. விடுதலையை ஒட்டி 1947இல்தான் தடை நீங்கியது.

இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் அன்றைய ஆபாச வரையறையின் உள்ளடக்கம் புலனாகிறது. தேவதாசி மரபைச் சேர்ந்த பெண் எழுதி, அம்மரபைச் சேர்ந்த மற்றொரு பெண் பதிப்பித்த காமம் குற்றமாயிற்று. அம்மரபுப் பெண்ணின் உடலைப் பிறர் படமெடுத்து, பெயரை நீக்கி, விலையிட்டு விற்றது வணிகமாயிற்று. காமம் இருந்ததா இல்லையா என்பதன்று அளவுகோல். அதனைப் பேசுபவர் யார் என்பதே அளவுகோலாக இருந்தது. நாகரத்தினம்மாள் பின்னர்த் தம் செல்வத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். தேவதாசி ஒழிப்பு முயற்சியை அவர் எதிர்த்தார். மூவலூர் அம்மையார் ஆதரித்தார். எதிரெதிர் நிலைகளில் நின்ற இருவரும் தம் பெயரில், தம் குரலில் பேசினர் என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

அட்டையைப் படிக்கும் முறை

அண்மைக் காலத்தில் இவ்வட்டைகள் சேகரிப்பாளர்களிடமும் இணைய ஏலங்களிலும் மீண்டும் விலைபோகின்றன. ஆய்வு நூல்களிலும் மறுபதிப்பாகின்றன. மாலெக் அலூலா 1981இல் வெளியிட்ட நூலில் அல்ஜீரியப் பெண்களின் அஞ்சலட்டைகளை ஆராய்ந்து, ஒரே பெண் ஒரே உடையில் வெவ்வேறு ஊர், இனப் பெயர்களில் அச்சேறியதைக் காட்டினார். அதே நூல் அப்படங்களை மீண்டும் பெருமளவில் அச்சிட்டமையால், கண்டிக்கப்படும் பார்வையே புதுப்பிக்கப்படுகிறது என்னும் விமர்சனத்துக்கும் உள்ளாயிற்று. தமிழ் ஆய்வுக்கும் இவ்விடர் பொருந்தும். ஆகவே பின்வரும் நெறிகள் பயன்தரும்.

முதலாவது, படக்குறிப்பைச் சான்றாகக் கொள்ளலாமே தவிர அடையாளமாகக் கொள்ளலாகாது. ஆவணப் பட்டியலில் 'தமிழ்ப் பெண்' எனப் பதியாமல், 'வெளியீட்டாளர் தமிழ்ப் பெண் எனக் குறித்த படம்' எனப் பதிவது தகும். கிளிங் போன்ற இழிசொற்களை வெளியீட்டாளரின் சொல்லாகவே மேற்கோள் குறிக்குள் நிறுத்துதல் வேண்டும்.

இரண்டாவது, அட்டையின் பின்புறத்தையும் முன்புறத்துக்கு இணையாக ஆராய வேண்டும். அஞ்சல் முத்திரை, அனுப்பிய ஊர், பெறுநர் ஊர், எழுதப்பட்ட செய்தி, வெளியீட்டு எண் ஆகியன படம் எவ்வழியே சென்றது, எவ்வாறு நுகரப்பட்டது என்பதை உரைக்கும். நுகர்வே பொருள்மோகத்தை உருவாக்குகிறது என்பதால், முன்புறம் மட்டும் காட்டும் ஆய்வு பாதிச் சான்றையே காட்டுகிறது.

மூன்றாவது, ஒரே பெண்ணின் படம் வேறு குறிப்புகளுடன் வெளிவந்துள்ளதா என ஒப்புநோக்க வேண்டும். பின்திரை, இருக்கை, நகை ஆகியவை ஒளிப்படக்கூடத்தின் உடைமைகளா, அப்பெண்ணின் உடைமைகளா என்பதை அறிய இது துணைசெய்யும்.

நான்காவது, மறுபதிப்பில் வரையறை வேண்டும். படத்திலிருப்பவரின் இசைவையோ வயதையோ இன்று உறுதிசெய்ய இயலாது. எனவே ஆடைகுறைந்த படங்களைச் சொல்லால் விவரிப்பதும், தேவையெனில் அட்டையின் பின்புறத்தையும் படக்குறிப்பையும் மட்டும் வெளியிடுவதும் போதுமானவை. 1986ஆம் ஆண்டின் பெண்களை இழிவாகச் சித்திரித்தல் தடைச் சட்டம் கல்வி நோக்கத்துக்கு இடமளிப்பினும், அச்சேறியவரின் மதிப்பு சட்டத்தின் அனுமதியோடு முடிந்துவிடும் பொருளன்று.

முடிவுரை

காலனியக் காலத் தமிழ்ப் பெண்களின் காமச்சாயல் கொண்ட ஒளிப்படங்கள் ஐரோப்பியக் காமப்படங்களினின்று வேறுபட்டவை. அவை மறைவை நாடவில்லை; படக்குறிப்பு அவற்றை மறைத்துக்காத்தது. இனவியல் தந்த இசைவு, நாகை போன்ற துறைமுகங்களின் வழியே நிகழ்ந்த உழைப்புக் குடிபெயர்வு, தேவதாசி மரபின் சிதைவு, ஆபாசச் சட்டத்தின் ஒருபக்கச் சார்பு ஆகிய நான்கும் இணைந்து அவற்றை உருவாக்கின. அணிகலனும் மேலாடையின்மையும் ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே அவற்றின் பொருள்மோகத் தன்மை.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிற்பணிக்குக் கொணரப்பட்ட தளிச்சேரிப் பெண்டிர் ஏறத்தாழ நானூற்றுவரை வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் பெயர், முன்பிருந்த தளி, குடியிருக்கும் வீடு ஆகியன சுட்டப்பட்டு, ஆளுக்கு ஒரு பங்கு எனக் கூறப்படுகிறது; பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். அக்கல்வெட்டும் அதிகாரத்தின் ஆவணமே. எனினும் அது பெயரையும் ஊரையும் ஊதியத்தையும் எழுதியது. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அதே வட்டாரத்துப் பெண்ணின் உருவைத் தாங்கிய அட்டையில் இம்மூன்றும் இல்லை. குடிபெயர்வுப் பதிவேடுகள், கோயில் ஆவணங்கள், ஒளிப்பட நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு இம்மூன்றையும் தேடுவது இத்துறை ஆய்வின் முதற்பணியாகும்.